காண்ட்ராஸ்ட் பிழையா? நிறத்தைத் தொடும் முன் எழுத்தின் அளவைப் பாருங்கள்

இணையப் பக்கத்தைச் சோதித்த கருவி ‘காண்ட்ராஸ்ட் போதவில்லை’, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைவு என்று சொன்னதும் நம் கை நேராக நிறத்துக்குத்தான் போகும். சாம்பலைக் கொஞ்சம் கருக்குவோம், ஆரஞ்சை அடர்த்தியாக்குவோம். ‘பிராண்ட் நிறத்தில் கை வைக்காதீர்கள்’ என்று டிசைனர் சண்டைக்கு வருவார். பல நேரம் சிக்கல் நிறத்திலேயே இருக்காது. அந்த எழுத்து ‘பெரிய எழுத்து’ என்ற கணக்கில் சேருமா, சேராதா என்பதில்தான் இருக்கும். சேர்ந்தால் காண்ட்ராஸ்ட் விகிதம் 3:1 போதும், சேராவிட்டால் 4.5:1 வேண்டும். நிறமும் பின்னணியும் அப்படியே இருக்க, அளவு அரை பிக்சல் குறைந்தால் முடிவு மாறிவிடும்.

முதலில் விதி. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி. அதன் 2.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பிறகு 2018-இல் 2.1, 2023-இல் 2.2 வந்தன. மூன்றிலும் பெரிய எழுத்தின் இலக்கணம் ஒன்றுதான்: சாதாரணத் தடிமனில் 18 பாயின்ட் அல்லது அதற்கு மேல், போல்டாக இருந்தால் 14 பாயின்ட் அல்லது அதற்கு மேல். தேறுவதற்கான படிகளில் நடுவிலுள்ள ஏஏ நிலையில் (விதி எண் 1.4.3) சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. அதைவிடக் கடுமையான ஏஏஏ நிலையில் (1.4.6) அவை 7:1, 4.5:1 ஆகின்றன. இந்திய அரசு இணையதளங்களுக்கான ஜிஐஜிடபிள்யூ 3.0 வழிகாட்டியும் 2.1-இன் ஏஏ நிலையைத்தான் கேட்கிறது. அதனால் அரசு வேலை எடுத்திருப்பவர்களுக்கும் இதே எண்கள்தான்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் வாதங்கள் குறையும். 3:1 என்பது சாதாரணப் பார்வை உள்ளவர்களுக்குப் பழைய ஐஎஸ்ஓ, ஆன்சி தரங்கள் சொன்ன அடிமட்டம். 20/40 அளவுக்குப் பார்வை மங்கியவர்களுக்காக அதை ஒன்றரை மடங்காக்கியதில் 4.5 வந்தது. 14, 18 என்பவை பெரிய அச்சுப் புத்தகங்களின் வழக்கத்திலிருந்து வந்தவை. எழுத்து பெரிதானால் கோடும் தடிக்கும், காண்ட்ராஸ்ட் கொஞ்சம் குறைந்தாலும் படித்துவிடலாம் என்பதுதான் சலுகைக்குக் காரணம். அந்தச் சலுகை கோட்டின் தடிமனை நம்பி நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். பிழை காட்டிய எழுத்தின் மேல் வலது கிளிக், இன்ஸ்பெக்ட், பிறகு கம்ப்யூட்டட் பட்டை. அங்கே ஃபான்ட்-சைஸ் எத்தனை பிக்சல், ஃபான்ட்-வெயிட் எத்தனை, குரோமில் அதே பட்டையின் அடியில் ரெண்டர்டு ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் எந்த எழுத்துருவின் பெயர் இருக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டைல்ஷீட்டில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு) எழுதியிருப்பதையும், டிசைன் மென்பொருளான ஃபிக்மாவில் இருப்பதையும் நம்ப வேண்டாம். அப்புறம் கருவியின் பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள். இப்படிப்பட்ட பிழைகளைத் தேடும் ஆக்ஸ் கருவியும், அதை உள்ளே வைத்திருக்கும் லைட்ஹவுஸும், எழுத்தை எத்தனை பாயின்டாகக் கணக்கிட்டன, எந்த விகிதத்தை எதிர்பார்த்தன என்று சொல்லிவிடும். எதிர்பார்த்தது 4.5 என்றால், அந்த எழுத்தைக் கருவி பெரிய எழுத்தாகவே எடுக்கவில்லை. விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.

‘டிசைனில் 18 என்று போட்டிருக்கிறது, ஆனாலும் ஃபெயில்’

அதிகம் வரும் புகார் இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: விதி பேசுவது பாயின்ட், நீங்கள் பேசுவது பிக்சல்.

சிஎஸ்எஸ் கணக்கில் ஓர் அங்குலம் 96 பிக்சல், அதே அங்குலம் 72 பாயின்ட். ஆக ஒரு பாயின்ட் 1.333 பிக்சல். 18 பாயின்ட் என்றால் 24 பிக்சல். 14 பாயின்ட் என்றால் 18.67 பிக்சல். 18 பிக்சல் எழுத்து வெறும் 13.5 பாயின்ட்தான். போல்ட் போட்டாலும் அது பெரிய எழுத்து ஆகாது. 14 பிக்சல் போல்ட் இன்னும் மோசம், 10.5 பாயின்ட். ‘14 போல்ட்’ என்று விதியில் பார்த்துவிட்டு பட்டனில் 14 பிக்சல் போல்ட் போட்டு, 3:1 போதும் என்று நம்பிக்கொண்டிருக்கும் டிசைன் சிஸ்டங்கள் நிறைய உண்டு.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. ஐஃபோன் செயலிகளுக்கு வரைபவர்கள் அளவைப் ‘பாயின்ட்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாயின்ட் வேறு, இந்தப் பாயின்ட் வேறு. ஐஓஎஸ் பாயின்ட் ஏறக்குறைய ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்குச் சமம். ஃபிக்மாவில் அளவுக்குப் பக்கத்தில் அலகே எழுதியிருக்காது. வெறும் 18 என்றுதான் இருக்கும். செயலி வரைந்து பழகியவர் அதைப் பாயின்ட் என்று படிக்கிறார், டெவலப்பர் பிக்சல் என்று எழுதுகிறார், டெஸ்டர் வழிகாட்டியின் பாயின்டோடு ஒப்பிடுகிறார். மூன்று பேரும் அவரவர் கணக்கில் சரி. பக்கம் மட்டும் ஃபெயில்.

சரி, திருத்துவது எப்படி? டிசைன் கோப்பிலேயே எல்லையைப் பிக்சலில் எழுதி வைத்துவிடுங்கள்: சாதாரணம் 24, போல்ட் 19. பாயின்ட் என்ற சொல்லையே குழுவுக்குள் புழங்க வேண்டாம். 18.67-க்குப் பதில் 19 என்று நான் சொல்வதற்குக் காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

‘ஒரு கருவியில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில்’

இரண்டு கருவிகள் முரண்பட்டால், எழுத்து எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது 18.5 என்ற எண். வழிகாட்டியின் குறிப்பு, 14 பாயின்டும் 18 பாயின்டும் ‘தோராயமாக’ 18.5 பிக்சலும் 24 பிக்சலும் என்கிறது. இன்னொரு வரியில் 1.2 எம், 1.5 எம் (எம் என்பது சுற்றியுள்ள எழுத்தளவின் மடங்கு) என்றும் தோராயக் கணக்கு சொல்கிறது. 16 பிக்சல் அடிப்படையில் 1.2 எம் என்பது 19.2. ஒரே எல்லைக்கு 18.5, 18.67, 19.2 என்று மூன்று எண்கள் ஆகிவிட்டன. ஆக்ஸ் தோராயத்தை ஏற்காது. 18.5 பிக்சலை அது 13.875 பாயின்டாக எடுத்து, சிறிய எழுத்து என்று தள்ளிவிடும். ஒரு மனிதத் தணிக்கையாளர் குறிப்பைக் காட்டி அதே எழுத்தை ஏற்கலாம். இந்த வம்பே வேண்டாம் என்றுதான் 19. இன்னும் நிம்மதி வேண்டுமானால் 20.

இரண்டாவது போல்ட். எந்தத் தடிமனிலிருந்து போல்ட் என்று டபிள்யூசிஏஜி எண் எதுவும் சொல்லவில்லை. சிஎஸ்எஸ்ஸில் போல்ட் என்ற சொல்லுக்கு மதிப்பு 700. ஆக்ஸ் தன் இயல்பான அமைப்பில் 700-ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. 600 போட்ட தலைப்புகள் இங்கேதான் மாட்டும். செமிபோல்டும் போல்ட்தானே என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாடாதீர்கள், 700 ஆக்குங்கள், அல்லது நிறத்தை 4.5-க்குக் கொண்டு வாருங்கள். வாதத்தில் ஜெயித்தாலும் அடுத்த தணிக்கையாளரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணை முழுமையாக்குவது. வெள்ளையின் மேல் #777777 சாம்பல் 4.48:1. ஒரு தசமத்தோடு காட்டும் கருவியில் அது 4.5 என்று தெரியும். ஆனால் விதியில் முழுமையாக்கல் கிடையாது, 4.499 கூட ஃபெயில்தான். ஒரு படி கருத்த #767676 எடுத்தால் 4.54, தேறிவிடும். பெரிய எழுத்துக்கும் இதே கதைதான்: #949494 வெள்ளையில் 3.03, பாஸ். #959595 என்றால் 2.995, ஃபெயில். கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல்.

‘கம்ப்யூட்டரில் பாஸ், மொபைலில் ஃபெயில்’

தலைப்பின் அளவு திரையின் அகலத்தோடு மாறுகிறதா என்று பாருங்கள். இப்போதெல்லாம் கிளாம்ப் போட்டு, அதாவது கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்து எழுதுவது வழக்கம்: குறைந்தது 1.25 ரெம் (ரெம் என்பது பக்கத்தின் வேர் அளவின் மடங்கு, வேர் அளவு இயல்பாக 16 பிக்சல்), நடுவில் திரை அகலத்தில் 4 சதவீதம், அதிகபட்சம் 2 ரெம். 1280 பிக்சல் திரையில் இது 32 பிக்சல். தாராளமாகப் பெரிய எழுத்து. 360 பிக்சல் ஃபோனில் 4 சதவீதம் 14.4 ஆகிறது, அதனால் கீழ் எல்லையான 20 பிக்சல் எடுத்துக்கொள்ளும். சாதாரணத் தடிமனில் 20 பிக்சல் பெரிய எழுத்தே அல்ல. இந்தச் சூத்திரத்தில் திரை 600 பிக்சலுக்குக் கீழே போன நொடியில் 3:1 சலுகை பறிபோகிறது. நிறம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

சோதனைகளை டெஸ்க்டாப் அகலத்தில் மட்டும் ஓட்டினால் இது கடைசி வரை தெரியாது. திரை அளவுக்கு ஏற்பத் தானாக மாறும் ஒவ்வொரு வடிவமும் தேற வேண்டும் என்று 2.1 தெளிவாகவே சொல்கிறது. அதனால் தானியங்கிச் சோதனையைக் குறைந்தது ஒரு ஃபோன் அகலத்திலும் ஓட்டுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் கிளாம்பின் கீழ் எல்லையை 1.5 ரெம் ஆக்குங்கள், அல்லது தலைப்பை 700 தடிமனுக்கு ஏற்றுங்கள். 20 பிக்சல் போல்ட் தேறிவிடும்.

இதே அறிகுறிக்கு ரெம் கணக்கும் காரணமாக இருக்கலாம். பழைய ஸ்டைல்ஷீட்கள் சிலவற்றில் வேர் அளவை 62.5 சதவீதம் ஆக்கி, ஒரு ரெம் என்பதை 10 பிக்சல் ஆக்கியிருப்பார்கள். அங்கே 1.5 ரெம் என்பது 15 பிக்சல். வெளியிலிருந்து எடுத்து ஒட்டிய துண்டு நிரல் அங்கே 1.5 ரெம் 24 பிக்சல்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

‘ஃபோன் திரையில் பிக்சல் அடர்த்தி மூன்று மடங்கு, ஆகவே என் 18 பிக்சல் 54 ஆகிறதே’ என்று யாராவது கேட்டால், இல்லை. கணக்கில் வருவது சிஎஸ்எஸ் பிக்சல் மட்டும். அதேபோல் ‘பயனர் ஜூம் செய்துகொள்ளலாமே’ என்பதும் செல்லாது. பக்கம் வந்து சேரும்போது என்ன அளவோ அதுதான் அளவு. பயனர் பெரிதாக்கிக்கொள்வது கணக்கில் இல்லை என்று இலக்கணத்தின் குறிப்பிலேயே இருக்கிறது.

‘அதே எச்3 கட்டுரையில் பாஸ், சைடுபாரில் ஃபெயில்’

இது சின்ன விஷயம், ஆனால் தேடுபவரை நன்றாகச் சுற்றவிடும். பிரவுசர்கள் எச்3-க்குத் தரும் இயல்பளவு 1.17 எம், தடிமன் போல்ட். 16 பிக்சல் சூழலில் அது 18.72 பிக்சல், அதாவது 14.04 பாயின்ட். நூலிழையில் பெரிய எழுத்து. சைடுபாரின் அடிப்படை அளவு 15 பிக்சல் என்றால் அதே எச்3 17.55 ஆகிவிடும். தலைப்பு அளவுகளை எம்மில் விட்டு வைக்காமல் ரெம்மில் கொடுத்தால் முடிந்தது. எச்2 இயல்பாக 24 பிக்சல், கவலை இல்லை. எச்4 இயல்பாக 16. அது எந்த வகையிலும் சேராது.

‘எழுத்தைப் பெரிதாக்கியும் ஃபெயில்’

நிறமே 3:1-ஐத் தொடவில்லை என்று பொருள். ஆரஞ்சுப் பட்டனில் வெள்ளை எழுத்து இதற்கு நல்ல உதாரணம். சிவப்பு 255, பச்சை 102, நீலம் 0 என்ற ஆரஞ்சின் மேல் வெள்ளை 2.93:1தான். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் தேறாது. அதே ஆரஞ்சில் கறுப்பு எழுத்து 7.15:1. பார்க்க நன்றாக இல்லை என்று டிசைனர் சொல்வார், பழகிவிடும்.

முழுச் சிவப்பு இதற்கு நேர்மாறு. வெள்ளையின் மேல் சுத்தச் சிவப்பு கிட்டத்தட்ட 4:1, துல்லியமாக 3.998. பெரிய எழுத்தில் பாஸ், உடல் எழுத்தில் ஃபெயில். நம் தளங்களில் ‘முக்கிய அறிவிப்பு’ என்று 16 பிக்சலில் சிவப்பாக ஓடும் வரிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் விழுகின்றன. கொஞ்சம் கருஞ்சிவப்பாக்கினால் போதும், அறிவிப்பின் முக்கியத்துவம் ஒன்றும் குறையாது.

‘போல்ட் 700 என்று காட்டுகிறது, ஆனால் எழுத்து போல்டாக இல்லை’

தமிழ்ப் பக்கங்களில் அடிக்கடி வருவது இது. தானியங்கிக் கருவிகள் இதைப் பிடிக்கவே பிடிக்காது, ஏனென்றால் அவை ஃபான்ட்-வெயிட் என்ற எண்ணைத்தான் படிக்கின்றன. திரையில் உண்மையில் எந்த எழுத்துரு வந்தது, அதில் போல்ட் இருக்கிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது.

ரெண்டர்டு ஃபான்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். ஸ்டைல்ஷீட்டில் ரோபோட்டோ என்று இருக்கலாம். ரோபோட்டோவில் தமிழ் எழுத்தே இல்லை. அதனால் ஆங்கிலச் சொற்கள் ரோபோட்டோவிலும், தமிழ் அந்தந்தக் கருவியின் இயல்பு எழுத்துருவிலும் வரும்: விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். நீங்கள் சோதித்தது ஓர் எழுத்துரு, படிப்பவர் பார்ப்பது இன்னொன்று. எனவே தமிழுக்கென்று ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லி ஏற்றுவது முதல் திருத்தம்.

இரண்டாவது, ஏற்றிய எழுத்துருவில் போல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் மீரா இனிமை, பவனம் இரண்டுக்கும் ஒரே தடிமன்தான். கட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றில் போல்ட் உண்டு. ஆனால் இணைப்பில் தடிமனைக் குறிப்பிடாமல் விட்டால் 400 மட்டும்தான் வந்து இறங்கும். போல்ட் கோப்பு இல்லாதபோது பிரவுசர் சும்மா இருக்காது. இருக்கிற எழுத்தையே பக்கவாட்டில் கொஞ்சம் இழுகிப் போலி போல்ட் ஒன்றைச் செய்துவிடும். லத்தீன் எழுத்தில் இது ஓரளவு சமாளிக்கும். தமிழில் ண, ஞ, ஐ, ழ போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுப் போகிறது. எழுத்து தடித்தது போலத் தெரியும், ஆனால் படிக்க முன்பைவிடக் கஷ்டம்.

போலியா அசலா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இன்ஸ்பெக்ட் திறக்கும் டெவ்டூல்ஸில் அந்த எழுத்துக்கு ஃபான்ட்-சிந்தசிஸ் என்ற பண்பைச் சேர்த்து, மதிப்பை ‘நன்’ (none) என்று கொடுங்கள். போல்ட் மறைந்துபோனால் அது பிரவுசர் செய்த போலி. மறையாவிட்டால் அசல். போலி என்றால் 14 பாயின்ட் போல்ட் சலுகையை அங்கே எடுக்காதீர்கள், கருவி பச்சை காட்டினாலும். போல்ட் உள்ள எழுத்துருவுக்கு மாறுங்கள், அல்லது அந்த வரியைச் சாதாரண எழுத்தாகவே வைத்து 4.5:1 கொடுங்கள்.

‘எல்லாம் பாஸ், ஆனால் படிக்க முடியவில்லை’

கருவி அமைதியாக இருக்கும்போது வாசகர் புகார் செய்தால், வாசகர் சொல்வதை நம்புங்கள்.

மெலிந்த எழுத்துருக்கள்தான் முதல் சந்தேகம். 100, 200, 300 தடிமனில் 28 பிக்சல் தலைப்பு, நிறம் இளஞ்சாம்பல். அளவு 24-க்கு மேல், அதனால் 3:1 போதும், பாஸ். ஆனால் கோடு முடி போல இருக்கிறது. விகிதம் கணக்கிடப்படுவது ஸ்டைல்ஷீட்டில் எழுதிய நிறத்தை வைத்து. திரையில் மெலிந்த கோட்டின் ஓரங்கள் பின்னணியோடு கலந்து இன்னும் வெளிறித்தான் தெரியும். அசாதாரணமாக மெலிந்த எழுத்துக்கள் குறைந்த காண்ட்ராஸ்டில் படிக்கக் கஷ்டம் என்று வழிகாட்டியே குறிப்பு எழுதியிருக்கிறது. எண் மட்டும் தரவில்லை. என் வழக்கம்: 400-க்குக் கீழே எந்த அளவாக இருந்தாலும் அதைச் சிறிய எழுத்தாகவே நடத்துவது.

அடுத்தது தமிழ். இலக்கணத்தில் 14, 18 பாயின்ட் என்பவை ரோமன் எழுத்தை மனதில் வைத்துச் சொன்னவை என்று குறிப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்களுக்கு ‘அதற்கு இணையான’ அளவு என்று விட்டிருக்கிறது: அந்தந்த மொழியில் பெரிய அச்சுக்கு வழங்கும் குறைந்தபட்ச அளவும் அதற்கு அடுத்த அளவும். தமிழுக்கென்று எண் எதுவும் அங்கே இல்லை. கருவிகள் எல்லா மொழிக்கும் அதே 14, 18-ஐப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஃபான்ட்-சைஸ் என்ற எண் எழுத்தின் உயரத்தை அளப்பதில்லை. எழுத்து உட்காரும் கற்பனைப் பெட்டியை அளக்கிறது. அந்தப் பெட்டிக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவைச் செய்தவர் முடிவு. தமிழில் மேலே புள்ளியும் கி, கீ சுழிகளும் ஏற வேண்டும். கீழே மூ, து, ஞு வால்கள் இறங்க வேண்டும். நடு எழுத்துக்கு மிஞ்சும் இடம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். 24 பிக்சலில் இரண்டு தமிழ் எழுத்துருக்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சின்னதாக இருப்பது சாதாரணம்.

அதைவிடப் பெரிய சங்கடம், தமிழில் பொருளைத் தாங்குவது பெரும்பாலும் எழுத்தின் மிகச் சிறிய உறுப்பு. பல் என்பதற்கும் பல என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு புள்ளி. தொடு, தோடு இரண்டையும் பிரிப்பது கொம்பின் தலையில் ஒரு சின்னச் சுழி. எழுத்தின் உடல் 24 பிக்சலுக்குத் தெரிந்தாலும் புள்ளி இரண்டு மூன்று பிக்சல்தான். 3:1-இல் முதலில் கரைவது அதுதான். ‘கல்வி’ என்ற தலைப்பில் புள்ளி கரைந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே இப்படிச் சோதிக்கலாம். இது விதி அல்ல, கைக்கணக்கு. அதே பக்கத்தில் 24 பிக்சலில் ஓர் ஆங்கில வரியும் ஒரு தமிழ் வரியும் போடுங்கள். தமிழ் வரியில் ப போன்ற வாலும் கொம்பும் இல்லாத எழுத்தை, ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். ப அவற்றைவிடக் குட்டையாக இருந்தால் அந்த எழுத்துருவுக்கு 24 போதாது. 28-இலிருந்து பெரிய எழுத்தாகக் கொள்ளுங்கள். பிறகு கைத்தூரத்தில் ஃபோனைப் பிடித்து, புள்ளி உள்ள சொற்களை வாசிக்கச் சொல்லி, வயதான ஒருவரிடம் கொடுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் நிறத்தை 4.5-க்கு உயர்த்திவிடுங்கள். நேரம் இல்லை என்றால் இன்னும் சுருக்கமான வழி: தமிழ் எழுத்துக்கு 3:1 சலுகையை எடுக்கவே எடுக்காதீர்கள். சலுகை அனுமதிதான், கட்டாயம் இல்லை. எல்லாவற்றுக்கும் 4.5 கொடுத்தால் இந்தக் கட்டுரையில் பாதியைப் படிக்கவே வேண்டியதில்லை.

‘பேனர் படத்தில் உள்ள எழுத்து’

படத்துக்குள் வரைந்த எழுத்தைக் கருவிகள் அளக்காது. நீங்கள்தான் அளக்க வேண்டும். படம் செய்யும் மென்பொருளில் காட்டும் பாயின்டை நம்ப முடியாது, ஏனென்றால் ஒன்று அங்குலத்துக்கு 72 என்று எடுக்கும், இன்னொன்று 96 என்று எடுக்கும். 72-இல் செய்த படத்தில் பெரிய எழுத்து வேண்டுமானால் 18-க்குப் பதில் 24 பாயின்டும், போல்டுக்கு 14-க்குப் பதில் ஏறக்குறைய 19 பாயின்டும் போட வேண்டும்.

அதோடு, படம் சுருங்கும். 1200 பிக்சல் அகலப் பேனரில் 60 பிக்சல் எழுத்து பிரமாண்டமாக இருக்கும். அதே படம் 360 பிக்சல் ஃபோனில் முழு அகலத்துக்கு வந்தால் எழுத்து 18 பிக்சல். திருவிழா வாழ்த்துப் பேனர்கள், சேர்க்கை அறிவிப்புகள் எல்லாம் இப்படித்தான் மொபைலில் எறும்பாகின்றன. எழுத்தைப் படத்திலிருந்து வெளியே எடுத்து உண்மையான எழுத்தாகப் போடுவதுதான் சரியான திருத்தம்.

உண்மையான எழுத்துதான், ஆனால் பின்னணியில் புகைப்படம் என்றால் கருவி ‘மனிதர் பார்க்கவும்’ என்று ஒதுக்கிவிடும். பிழைப் பட்டியலில் வராததால் பாஸ் என்று எண்ண வேண்டாம். எழுத்துக்குப் பின்னால் படத்தின் மிக மோசமான இடத்தைத் தேடி அங்கே நிறத்தை எடுத்துக் கணக்கிடுங்கள். வெள்ளை எழுத்து என்றால் மேகம், வெள்ளை வேட்டி, வானம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

‘நிறத்தின் விகிதம் 7, கருவி 3.4 என்கிறது’

காரணம் ஒபாசிட்டி, அதாவது பின்னணி ஊடே தெரியும்படி பெட்டியை மங்கலாக்கும் அமைப்பு. #595959 வெள்ளையில் 7:1. அந்தப் பெட்டிக்கு 0.7 ஒபாசிட்டி போட்டால் திரையில் வருவது 139 அளவிலான சாம்பல், விகிதம் 3.4. மேலே எத்தனை தாய்ப்பெட்டிகளில் ஒபாசிட்டி இருக்கிறதோ அத்தனையும் பெருகும். எழுத்தை மங்கலாக்க வேண்டுமானால் நிறத்தையே மாற்றுங்கள்.

எதிர்த்திசையில், சொட்டுக்கருவியால் திரையிலிருந்து எழுத்தின் நிறத்தை எடுத்தால் உண்மையைவிடக் குறைந்த விகிதம் வரலாம். எழுத்தின் ஓரத்தில் இருக்கும் கலந்த பிக்சலை அது பிடித்திருக்கும். ஸ்டைல்ஷீட்டின் நிறம்தான் கணக்கு.

‘இதையெல்லாமும் திருத்த வேண்டுமா?’

உள்ளீட்டுப் பெட்டியில் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டர் என்ற மாதிரி வாசகமும் எழுத்துதான், 4.5 வேண்டும். எழுத்தாக இல்லாத ஐகான்களுக்கும் பெட்டிக் கோடுகளுக்கும் 1.4.11 என்ற தனி விதி, 3:1. அங்கே அளவுக் கணக்கு இல்லை. லோகோவில் உள்ள எழுத்துக்கும் வெறும் அலங்காரத்துக்கும் விலக்கு உண்டு. முடக்கி வைத்த பட்டனுக்கும் விலக்கு உண்டு, ஆனால் பார்க்க மட்டும் மங்கலாக இருந்து, அழுத்தினால் வேலை செய்யும் பட்டனுக்கு இல்லை. தணிக்கை அறிக்கையில் அப்படி ஒரு பட்டன் வந்திருந்தால், நிரலில் டிசேபிள்டு என்று உண்மையிலேயே போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.